வெள்ளித்திரையில் நாம் தேடிய முகம்

(கலை மன்றமொன்றின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிய திரைப்படங்களைப் பற்றி ஓர் எளிய இரசிகரின் உள்ளத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது இன்று எமக்கு இடப்பட்ட பணி. நாம் திறனாய்வாளர் அல்லோம். ஒளிப்பதிவின் நுட்பமோ படத்தொகுப்பின் இலக்கணமோ கற்றவரும் அல்லோம். ஆண்டுக்கு ஐந்தாறு படங்களை, வேலை ஒழிந்த நாளில், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பார்க்கின்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் நாம். ஆனால், சமைக்க அறியாதவனுக்கும் கறியிலே உப்பில்லை என்று சொல்லும் உரிமை உண்டு அன்றோ? அந்த உரிமை ஒன்றையே துணையாகக் கொண்டு இந்த மேடையில் நிற்கிறோம்.

ஏமாற்றத்தில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பொழுதுபோக்குக்காகச் சென்று பொழுது போகாமல் திரும்பும் ஏமாற்றம். 2002 ஆம் ஆண்டில் 'பாபா' திரைக்கு வந்தபோது எத்தனை ஆரவாரம்! 'படையப்பா' வந்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த மக்கள் படமாளிகைகளை முற்றுகையிட்டனர். படம் தோற்றது. விநியோகத்தர்களுக்கு ஏற்பட்ட நட்டத்தை இரஜினிகாந்த் அவர்களே ஈடுசெய்தார். 1996 இல் வந்த 'இந்தியன்' படத்தின் தொடர்ச்சி 28 ஆண்டுகள் கழித்து, 2024 இல் 'இந்தியன் 2' என வந்தது. சுமார் மூன்று மணி நேரம் ஓடிய அப்படத்தின் நீளம் தாங்க முடியாதது என்று மக்கள் முறையிட, வெளியான சில நாட்களிலேயே அதிற் பன்னிரண்டு நிமிடங்கள் வெட்டப்பட்டன. இவ்வகை ஏமாற்றத்துக்கு மருந்து உண்டு. காசைத் திருப்பிக் கொடுக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், அடுத்த படத்தில் ஈடுசெய்கிறோம் என்று வாக்களிக்கலாம். இரசிகனும் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவான்.

இரண்டாவது வகை ஏமாற்றம் அத்தன்மையது அன்று. "உங்கள் கதையைச் சொல்லப் போகிறோம்" என்று ஒரு படம் வருகிறது. ஈழத்தமிழரைப் பற்றிய படமாம் என்ற செய்தி ஊரெங்கும் பரவுகிறது. உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும் நமது மக்கள், கண்ணாடி முன்னே நிற்கச் செல்பவர் போல அப்படத்தைப் பார்க்கச் செல்கிறார்கள். விளக்கணைகிறது. திரையிலே ஒரு முகம் தோன்றுகிறது. அந்த முகம் நமது முகம் அன்று! இந்த ஏமாற்றத்துக்கு எந்த விநியோகத்தரிடம் நட்ட ஈடு கேட்பது? இதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

படத்தை அளப்பதற்கு எம்மிடம் பெரிய அளவுகோல் ஒன்றும் இல்லை. மூன்று கேள்விகளே உள்ளன. திரையில் வரும் ஈழத்தமிழன் நமது பேச்சைப் பேசுகிறானா? அவனுக்கு ஒரு தொழில் இருக்கிறதா? அவனுக்குச் சொந்தமாக ஒரு மனம், தானே தேர்ந்து முடிவெடுக்கும் ஒரு மனம், இருக்கிறதா? கமக்காரன் விதைநெல்லைக் கையில் அள்ளி, பதர் எவ்வளவு, மணி எவ்வளவு என்று பார்ப்பது போல, இந்த மூன்றையும் கொண்டு நான்கு படங்களைப் பார்ப்போம்.

முதலாவது, 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த 'தெனாலி'. கே. எஸ். ரவிகுமார் நெறிப்படுத்தியது. இந்தியத் திரையின் முன்னணி நடிகர் ஒருவர் ஒரு படம் முழுவதும் ஈழத்துத் தமிழிலே பேசி நடிக்கிறார் என்றதும் நமது மக்கள் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. பேச்சைப் பயிற்றுவிக்க நமது புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள் துணைநின்றார். கமல்ஹாசன் அவர்களின் உழைப்பையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. முதற் கேள்விக்கு அப்படம் பெருமளவு விடை தந்தது.

ஆனால் மற்றைய இரண்டு? தெனாலி என்பவன் எதைக் கண்டாலும் அஞ்சுபவன். அந்த அச்சமே படத்தின் நகைச்சுவை. போரினால் விளைந்த அச்சம் என்பதைப் படம் ஓரிடத்திலே தொட்டுச் செல்கிறது. தொட்ட கையோடு மீண்டும் சிரிக்க வைக்கப் போய்விடுகிறது. எந்த ஆண்டில் இப்படம் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதே 2000 ஆம் ஆண்டில்தான் ஆனையிறவிலே பெரும் போர் நிகழ்ந்தது. சாவகச்சேரி இடிபாடாகி, தென்மராட்சி மக்கள் வீடு வாசல் விட்டு இடம்பெயர்ந்தார்கள். எறிகணைச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய குழந்தையின் நடுக்கத்தை அறிந்தவர்கள் நாம். அந்த நடுக்கத்தைக் கண்டு சிரிப்பதற்கு நமக்கு மனம் வருமா? நகைச்சுவையே கூடாது என்று சொல்லவில்லை. பதுங்குகுழிக்குள் இருந்தும் பகடி பேசிய மக்கள் நாம். நமது பகடியைத் திரையிற் காட்டியிருந்தால் நாமும் சேர்ந்து சிரித்திருப்போம். காட்டப்பட்டதோ நம்மைப் பார்த்துப் பிறர் சிரிப்பது. இந்த வேறுபாட்டை அப்படம் அறியவில்லை.

இரண்டாவது, மணிரத்தினம் அவர்களின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. 2002 பெப்ரவரி 14 ஆம் நாள் வெளியாயிற்று. எட்டு நாள் கழித்து, பெப்ரவரி 22 இல், போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. படத்திற்கு இந்திய தேசிய விருதுகள் ஆறு கிடைத்தன. இசையும் அச்சிறுமியின் நடிப்பும் அவ்விருதுகளுக்கு முற்றிலும் தகுதியானவை. இதைச் சொல்லாமற் குறையை மட்டும் சொல்வது நேர்மை ஆகாது.

கதை யாவரும் அறிந்ததே. மாங்குளத்துப் பெண் சியாமா, அகதியாக இராமேசுவரம் சென்று, பெற்ற குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போருக்குத் திரும்புகிறாள். சென்னையில் வளரும் அக்குழந்தை ஒன்பது வயதிலே தன் தாயைத் தேடி வருகிறது. நெஞ்சை உருக்கும் கரு! ஆயின், மாங்குளம் என்று காட்டப்படும் நிலத்தைப் பாருங்கள். வன்னியிலே அப்போது படம்பிடிக்க இயலாது, இந்தியாவிலேயே பிடித்தார்கள். அது குற்றமன்று. ஆனால் குளக்கட்டும், அதன் கீழ் விரியும் வயலும், பாலையும் வீரையும் நிற்கும் வறண்ட காடும் இல்லாத ஒரு வன்னியை வன்னியான் எவ்வாறு தன் ஊரென்று ஏற்பான்? மழையை நம்பிக் காலபோகம் விதைத்து, குளத்து நீரை நம்பிச் சிறுபோகம் விதைக்கும் ஒரு குடியானவனாவது அந்த மாங்குளத்தில் வருகிறானா? இல்லை. ஒரு கல்யாணம் வருகிறது. பிறகு துப்பாக்கி வருகிறது. இரண்டுக்கும் இடையே மனிதர் செய்கின்ற வேலை எதுவும் வரவில்லை.

இதனினும் பெரிய குறை வேறொன்று. சியாமா ஏன் குழந்தையை விட்டாள்? ஏன் திரும்பிச் சென்றாள்? அவள் உள்ளத்தில் நடந்த போராட்டம் என்ன? படத்தின் மையமாக நிற்க வேண்டிய கேள்வி இதுவே. படமோ சென்னைக் குடும்பத்தின் கண்ணால் மட்டுமே இத்தீவைப் பார்க்கிறது. சியாமாவுக்குக் கிடைப்பது தொடக்கத்தில் சில நிமிடங்களும் இறுதியில் சில நிமிடங்களும். மகள் கேட்கும் கேள்விகளுக்கு அவள் அழுகையையே விடையாகத் தருகிறாள். அழுகை உண்மையானது, அது போதாது. ஒரு தாயின் கண்ணீரைக் காட்டுவது எளிது. அவளது நியாயத்தைக் காட்டுவதுதான் கடினம். அந்த ஆண்டு ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டு, மாங்குளம் சந்தியைக் கடந்து மக்கள் போய் வரத் தொடங்கினார்கள். அங்கே எத்தனையோ சியாமாக்கள் தம் நியாயத்தைத் தம் வாயாலே சொல்லக் காத்திருந்தார்கள்.

மூன்றாவது படம் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்தது. ழாக் ஒடியார் என்பவர் நெறிப்படுத்திய 'தீபன்'. 2015 ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் மிக உயர்ந்த பரிசாகிய தங்கப் பனையை வென்றது. பனைக்கும் நமக்கும் உள்ள உறவு உலகறிந்தது. தங்கப் பனை ஒன்று தமிழ் பேசும் படத்துக்குக் கிடைத்தது என்று கேட்டபோது நாம் அடைந்த பெருமிதத்தைச் சொல்லவும் வேண்டுமோ! தலைமைப் பாத்திரத்தில் நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்து, போராளியாக இருந்து, அகதியாகப் பிரான்சு சென்ற எழுத்தாளர் சோபாசக்தி. ஆகவே எமது முதற் கேள்விக்கு இங்கே ஐயமே இல்லை. பேச்சு நமது பேச்சு.

இரண்டாம் கேள்விக்கும் படத்தின் முற்பாதி நல்ல விடை தருகிறது. ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும், பெண்ணும், சிறுமியும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டிலே குடும்பமாக நடித்துப் பிரான்சு சேர்கிறார்கள். அவன் தெருத் தெருவாக மின்னும் விளையாட்டுப் பொருள்களை விற்கிறான். பிறகு பாரிசின் புறநகர்க் குடியிருப்பொன்றில் காவற்பணி பெறுகிறான். குப்பை கூட்டுகிறான், கடிதங்களைப் பிரித்து வைக்கிறான். அவள் நோயாளி ஒருவருக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். சிறுமி பள்ளிக்கூடத்தில் மொழி தெரியாமல் விழித்து, மெல்ல மெல்லக் கற்று, பெரியவர்களுக்கே மொழிபெயர்ப்பாளராகிறாள். இவையெல்லாம் நமது உறவினர் வீடுகளில் நாள்தோறும் நடப்பவை. இதுவரை வந்த படங்களுள் நமது முகத்துக்கு மிக அண்மையில் வந்தது இந்த முற்பாதியே என்பது எமது துணிபு.

இறுதியில் என்ன நடந்தது? அக்குடியிருப்பிலே போதைப்பொருட் கும்பல்கள் சுட்டுக்கொள்கின்றன. தீபன் நிலத்திலே வெள்ளைக் கோடொன்றை இட்டு, இது சுடக்கூடாத வலயம் என்கிறான். 2009 இல் வன்னியிலே அறிவிக்கப்பட்ட வலயங்களையும், அவற்றை நம்பிச் சென்று மாண்டவர்களையும் நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் அக்காட்சி நெஞ்சைக் குத்தும். அதன் பொருளை விரித்திருந்தால் படம் காலத்தை வென்றிருக்கும். அதற்குப் பதிலாகத் தீபன் கத்தியை எடுக்கிறான், துப்பாக்கியை எடுக்கிறான், புகையினூடே மாடிப்படி ஏறி எல்லோரையும் வீழ்த்துகிறான். பின்னர் இங்கிலாந்திலே பசும்புற்றரையும் புதுக் குழந்தையுமாக இனிதே வாழ்கிறான்! வேலை செய்யும் மனிதனாக ஒன்றரை மணி நேரம் வளர்ந்த ஒருவன் பத்தே நிமிடத்தில் மீண்டும் ஆயுதமாகிப் போகிறான். "உங்களுக்குள்ளே என்றைக்கும் ஒரு போராளி ஒளிந்திருக்கிறான்" என்று மேலைநாட்டார் நம்மைப் பார்த்து நினைக்கும் நினைப்புக்கு அந்த முடிவு முத்திரை குத்திவிட்டது. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட கடிதத்தைக் கையிலே வைத்துக்கொண்டு, மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து உணவகத்துக்கு வேலைக்குப் போகிறவனின் துணிவு அந்தப் படிக்கட்டுச் சண்டையை விடச் சிறியதா?

நான்காவது 'ஜகமே தந்திரம்'. கார்த்திக் சுப்பராஜ் நெறிப்படுத்தி, 2021 யூன் 18 இல் நெற்ஃபிளிக்ஸ் வாயிலாக உலகெங்கும் ஒரே நாளில் வெளியானது. மதுரைச் சண்டியர் ஒருவர் இலண்டன் சென்று, வெள்ளைக்காரக் கும்பல் தலைவனுக்காக, ஈழத்தமிழனாகிய சிவதாசைக் காட்டிக்கொடுக்கிறார். பிறகு ஈழத்துப் பெண்ணொருத்தியின் துயரக் கதையைக் கேட்டு மனம் திருந்துகிறார். அகதிகளின் குடியுரிமைச் சிக்கலைப் பெரிய நடிகர் ஒருவரின் படம் பேசத் துணிந்ததே என்று மகிழ்ந்தோம். மகிழ்ச்சி பாதிப் படம் வரைதான் நீடித்தது. இலண்டன் மாநகரிலே வைத்தியர், கணக்காளர், கடைக்காரர், கோவில் நடத்துவோர், சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளியில் அரிச்சுவடி சொல்லிக் கொடுப்போர் என எத்தனை வகைத் தமிழர்! படத்திலே வருபவர் கடத்தற்காரர். நல்ல நோக்கத்துக்காகக் கடத்துகிறார் என்று சமாதானமும் சொல்லப்படுகிறது. அந்தப் பெண்ணின் துயரமோ கதாநாயகரின் மனமாற்றத்துக்குத் தீட்டுக்கல்லாக மட்டும் பயன்படுகிறது. கத்தி கூராயிற்று, கல் தேய்ந்தது, கல்லைப் பற்றி யார் கவலைப்பட்டார்?

பேச்சைப் பற்றியும் ஒரு சொல். ஈழத்தமிழ் என்றால் ஒருவகை இழுவை என்று இந்தியத் திரையுலகம் எண்ணிக்கொண்டுள்ளது. யாழ்ப்பாணத்தான் "கதைக்கிறன், வாறன்" என்பதற்கும், மட்டக்களப்பான் "மறுகா" என்று தொடங்குவதற்கும், மலையகத்துத் தொழிலாளி பேசுவதற்கும், மன்னாரான் பேசுவதற்கும் எவ்வளவோ வேற்றுமை உண்டு. எல்லாவற்றையும் ஒரே பானையில் இட்டுக் கிண்டினால் அது எவருடைய பேச்சும் ஆகாது.

இங்கே ஒரு தடையை எழுப்புவோர் உளர். "ஐயா, நல்லெண்ணத்தோடு எடுத்தார்கள். எடுக்காமலே விட்டிருந்தால் உலகம் உங்களை அறிந்திருக்குமா? கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்கிறார்கள். நல்லெண்ணத்தை நாம் மறுக்கவில்லை, நன்றியும் உடையோம். ஆனால் நன்றி வேறு, மதிப்பீடு வேறு. நல்லெண்ணத்தோடு பிழையான மருந்து கொடுக்கும் வைத்தியரை நோயாளி வாழ்த்திக்கொண்டிருக்க முடியாது. மேலும், கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிறந்து வளரும் நமது பேரப்பிள்ளைகள் ஊரைக் கண்டதில்லை. பாட்டன் யார், பாட்டி எப்படி வாழ்ந்தாள் என்பதை அவர்கள் திரையிலிருந்தே அறிகிறார்கள். அஞ்சி நடுங்குபவன், அழுபவள், சுடுபவன், கடத்துபவன் என்ற நான்கு உருவங்களே அவர்கள் கண்ணில் நிலைத்துவிட்டால், நிலம் உழுதவனும், தபாற்கந்தோரில் எழுதியவனும், பள்ளிக்கூடம் கட்டியவனும், கண்ணிவெடி அகற்றிய காணியில் மீண்டும் நெல் விதைத்தவனும் எங்கே போவார்கள்? நமக்கு நேரும் இழப்பு நுழைவுச் சீட்டின் விலையன்று.

நாம் கேட்பது நடவாத ஒன்றா? நடந்திருக்கிறது. 1977 இல் தர்மசேன பத்திராஜா என்ற சிங்கள நெறியாளர், காவலூர் இராசதுரை அவர்களின் எழுத்தைக் கொண்டு, யாழ்ப்பாண மண்ணிலேயே 'பொன்மணி' படத்தை எடுத்தார். சீதனத்தாலும் சாதியாலும் நசுங்கும் ஒரு குடும்பத்தை, பூச்சு எதுவுமின்றிக் காட்டினார். அடுத்த ஆண்டில், செங்கை ஆழியானின் நாவலாகிய 'வாடைக்காற்று' படமாயிற்று. நெடுந்தீவுக் கடலிலே தொழில் செய்யும் மனிதரைக் காட்டியது. 1979 இல் சுனில் ஆரியரத்ன எடுத்த 'சருங்கலே' என்ற சிங்களப் படத்தில், நடராசா என்ற யாழ்ப்பாணத்து எழுதுவினைஞராக காமினி பொன்சேகா நடித்தார். தமிழன் ஒருவனுக்கு மேசையும், பேனாவும், மானமும் உண்டு என்பதைச் சிங்களத் திரை அன்றே காட்டிற்று.

அண்மையில், 2025 இல், தமிழகத்திலிருந்து வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' படமும் சிறிது ஆறுதல் தந்தது. பொருளாதார நெருக்கடியால் கடல் கடந்து சென்னை சேரும் ஒரு குடும்பம். தம் பேச்சை மறைத்து வாழ வேண்டிய நிலை. தகப்பன் சாரதி வேலை செய்கிறான். வீட்டிலே சண்டையும் சிரிப்பும் இருக்கின்றன. 2002 இல் ஈழத்துத் தாயைத் தேடி வந்த சென்னைப் பெண்ணாக நடித்த சிம்ரன் அவர்களே இங்கே ஈழத்துத் தாயாக வருகிறார். 23 ஆண்டுகளில் கமரா சிறிது இடம் மாறியிருக்கிறது! அதிலும் குறை உண்டு. அண்டை அயலார் எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவராகிவிடுகின்றனர். உண்மையான அகதிக்கு வாழ்க்கை அவ்வளவு இனிதாக அமைவதில்லை. ஆயினும் அக்குடும்பத்துக்கு ஒரு தொழிலும் ஒரு மனமும் இருந்தன. ஆகவேதான் மக்கள் அதனை மனமார வரவேற்றார்கள்.

அன்பர்களே! 'பொன்மணி' நெடுநாள் ஓடவில்லை. ஆட்டமும் பாட்டமும் எதிர்பார்த்துச் சென்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அங்கே ஏமாற்றம் அளித்தது படமா, எதிர்பார்ப்பா என்பதை நடுநிலையோடு சிந்தித்துப் பாருங்கள். இரசிகர்கள் தமது எதிர்பார்ப்பையும் சில வேளை தராசிலே வைக்க வேண்டும். கண்ணாடியிலே அழகான முகம் மட்டும் தெரிய வேண்டும் என்று கேட்பவனுக்குக் கண்ணாடி வேண்டாம், ஓவியம் போதும்.

ஆகவே, நாம் இந்த அவையின் முன் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. நமது வாழ்வைச் சொல்லும் படம் எங்கிருந்து வந்தாலும், எவர் எடுத்தாலும், குறையைக் குறையென்றும் நிறையை நிறையென்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். விருது வாங்கிய படம் என்பதற்காக வாய் மூட வேண்டாம். நமக்காக எடுத்தார்கள் என்பதற்காகவும் வாய் மூட வேண்டாம். இரண்டாவது, நமது இளைஞர் சிலர் இன்று சிறு கமராவைக் கையிலே ஏந்திக் குறும்படங்கள் எடுக்கிறார்கள். அவர்களிடம் பணம் இல்லை; கதை உண்டு. வைத்தியரே, சட்டத்தரணியே, ஆசிரியரே, உங்கள் பணியிலே கண்டவற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். கமக்காரரே, உங்கள் வயல் வரம்பிலே அவர்கள் கமராவை வைக்க இடம் கொடுங்கள். பேச்சிலே பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். படம் திரையிடப்படும் நாளில் குடும்பத்தோடு சென்று காசு கொடுத்துப் பாருங்கள். பார்த்த பின், உப்பில்லையென்றால் உப்பில்லை என்று அவர்களிடமும் சொல்லுங்கள். அந்த உண்மையே அவர்களுக்கு நாம் செய்யும் பேருதவி.